பூஜ்யம் புள்ளி ஏழு சதவீதம்

பைன்ஃபோர்டில் சாலையைக் கடக்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது சரியாகத் தெரியாமலே அறுபத்துநாலு வருஷம் அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, வரி கட்டி, பனி அள்ளிக் குடித்தனம் நடத்திவிட்டார் எர்ட்னி பல்சீரவ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். பஸ் ஷெட்டில் அவரை எர்னி என்பார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு புகார் கிடையாது. அதற்காக நகராட்சி கொடுத்த சான்றிதழ் அவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, எண்ணெய் படிந்து தொங்குகிறது.

அவர் பிரச்சினை மில் சாலை. சாலையின் இந்தப் பக்கம், ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்த கல்மிக் இனத்தாரின் வீடுகள். அந்தப் பக்கம் அவர்களுடைய புத்தர் கோவில். எர்ட்னியின் அப்பாவும் அவரோடு கப்பலேறி வந்தவர்களும் நியூ ஜெர்சியில் வீடு கட்டி, எதிரே கோவிலையும் கட்டியபோது மில் சாலை வெறும் மணல் ரோடு. நாளைக்கு ஏழெட்டு வண்டி போகும், அதில் ஒன்று பால் வண்டி. இப்போது நான்கு வழிச் சாலை. அகலப்படுத்தியபோது கோவிலின் முன்வாசலை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையோடு அங்கே 'வண்டி நிறுத்தக் கூடாது' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டார்கள். நடுவில் எங்கும் வண்டியைத் திருப்ப விடுவதில்லை என்பதால் மூன்று மைல் போய்த் திரும்பி, மூன்று மைல் வந்து, கோவில் வாசலில் காரை நிறுத்தி ஆளை இறக்கினால் அபராதச் சீட்டு வரும். எர்ட்னிக்கு இரண்டு முறை வந்தது.

போன நவம்பர் அமாவாசைப் பூசைக்குப் போகும்போது அவர் மனைவி கெர்மெனை ஒரு டெலிவரி வேன் இடித்தது. இடுப்பெலும்பில் இரும்பு வைத்துத் தைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எர்ட்னி வீட்டுக் கூடத்தில் அவளை நடக்கவிட்டுக் கடிகாரம் பிடித்துப் பார்த்தார். மில் சாலை அகலத்தைக் கடக்க அவளுக்கு எழுபது விநாடி ஆகிறது. பூசை நேரமான சாயங்காலம் நாலு மணிக்கு மில் சாலையில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே அதிகபட்சம் பதினாலு விநாடி கிடைக்கிறது.

"கொஞ்ச நாள் போகாமத்தான் இரேன்" என்றார் எர்ட்னி.

"வளர்பிறை அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை. மாசத்துல மூணே நாள். நான் போய் விளக்கேத்தலேன்னா வேற யாரு ஏத்துவா, உன் பஸ்ஸா?"

அதற்கு மேல் கெர்மெனிடம் பேசிப் பயனில்லை என்பது முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்குத் தெரியும். மீதி ஐம்பத்தாறு விநாடியைக் கேட்டு வாங்கிவரலாம் என்று ஒரு திங்கட்கிழமை நகராட்சிக்குக் கிளம்பினார். ரோட்டில் நடந்து கடக்க வெள்ளைக் கோடும், பொத்தானை அழுத்தினால் எரியும் மஞ்சள் விளக்கும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

சாலைத் துறை ஜன்னலில் இருந்த பெண் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"கோவில் முன்னாடியா சார்? அப்போ அது ரோடு இல்ல. நல்லிணக்கம்."

"ரோடுதாம்மா. தார் போட்டிருக்கு."

"இருக்கலாம் சார். ஆனா வழிபாட்டு இடத்துக்கு முன்னாடி கோடு போடணும்னா நல்லிணக்க நிதியிலேருந்துதான் போடணும். ஊர்ல ஆறு இடத்துல போட்டிருக்கு. ரெண்டு சர்ச், யூதர் கோவில், மசூதி, இந்துக் கோவில், கொரியாக்காரங்க சர்ச். நீங்க இந்த ஃபாரத்தை ரொப்புங்க."

ஃபாரத்தில் மூன்று கேள்விகள். உங்கள் இனம் எது? உங்கள் மதம் எது? மேற்கண்ட பதில்களைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்? எர்ட்னி முதல் கேள்விக்கு 'ஐரோப்பியர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஜன்னல் பெண் ஃபாரத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஃபாரத்தைப் பார்த்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கண்ணாடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இல்ல, நான் அப்படிக் கேக்கக் கூடாது. ட்ரெயினிங் குடுத்திருக்காங்க. நீங்களே சொல்லிடுங்க."

"எங்க ஆளுங்க ரஷ்யாவுல வோல்கா ஆத்துப் பக்கம். அது ஐரோப்பாதான்."

"மதம் புத்தம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பேரு ரஷ்யப் பேரு."

"ஆமா."

"பாஷை?"

"மங்கோலிய மாதிரி ஒண்ணு. எங்கம்மா பேசுவாங்க. எனக்குத் திட்டுறதுக்கு மட்டும் வரும்."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "சார், எனக்கு லஞ்ச் டைம் ஆயிடுச்சு" என்றாள். மணி பத்தேகால்.

ஃபாரம் எப்படியோ நல்லிணக்கக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாதத்தின் முதல் செவ்வாய், நகராட்சி மாடியில், பதினோரு பேர் கூடுவார்கள். தலைவர் லோரெய்ன் விட்டெக்கர். வீடு விற்றுக் கொடுப்பது அவர் தொழில். ஊரிலே எத்தனை சாதி சனம் சேர்ந்து வாழ்கிறதோ அத்தனைக்கு வீட்டு விலை ஏறும் என்று அவர் எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து பைன்ஃபோர்டில் நல்லிணக்கம் பிடித்துக்கொண்டது.

கூட்டம் தொடங்கினால் முதலில் ஒவ்வொருவரும் தாம் யார் என்று சொல்ல வேண்டும். வழக்கமே அதுதான். ஒருவர் அப்பா வழியில் டச்சு, அம்மா வழியில் ஐரிஷ், மனைவி வழியில் கொஞ்சம் கிரேக்கம் என்றார். இன்னொருவர் தான் கத்தோலிக்கராக வளர்ந்து, நடுவில் ஒன்றுமில்லாமல் இருந்து, இப்போது யோகா செய்வதாகச் சொன்னார். ஓர் அம்மாள் தனக்கு எட்டில் ஒரு பங்கு செரோக்கிப் பழங்குடி ரத்தம் என்று சொல்லிக் கண் கலங்கினார். இன்னும் டி.என்.ஏ. டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லையாம். இது முடிய நாற்பது நிமிஷம் ஆனது. எர்ட்னி முறை வந்தபோது, "நான் பஸ் டிரைவர்" என்றார். எல்லாரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் லோரெய்ன் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு சுவரில் ஒரு வட்டப் படம் காட்டினார்கள். பீட்சா வெட்டுவது போல ஊரை வெட்டி வைத்திருந்தது. வெள்ளையர் ஒரு நிறம், கறுப்பர் ஒரு நிறம், ஸ்பானியம் பேசுகிறவர்கள் ஒன்று, ஆசியர் ஒன்று. மதத்துக்கு இன்னொரு பீட்சா. இரண்டிலும் ஓரத்தில் மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. அதில் 'மற்றவர்கள்' என்று எழுதியிருந்தது.

"எர்னி, உங்க வலி எங்களுக்குக் கேக்குது" என்றார் லோரெய்ன். "இந்த ஊர் ஒரு குடும்பம். குடும்பத்துல யாரையும் நாங்க விட்டுட மாட்டோம். ஆனா ஒரு சதவீதம்னு ஒரு கோடு இருக்கு. ஊர்ல நாப்பத்திரெண்டாயிரம் பேர். நீங்க முந்நூத்திப் பதினொண்ணு. பூஜ்யம் புள்ளி ஏழு. கோடுன்னு ஒண்ணு வைக்கலேன்னா அப்புறம் எல்லாரும்ல வந்துடுவாங்க?"

"எல்லாரும் வரட்டுமேம்மா. ரோட்டைத்தானே கடக்கப் போறாங்க."

லோரெய்ன் அதைக் குறித்துக்கொண்டார். அழகாக இருக்கிறது, எங்காவது உபயோகிக்கலாம் என்றார்.

"இன்னும் நூத்தி ஒம்பது பேர் இருந்தாப் போதும்" என்று டச்சு-ஐரிஷ்காரர் பரிவோடு சொன்னார். "உங்க பசங்க கல்யாணம் காட்சி பண்ணிக்கிறதில்லையா?"

"பண்ணிக்கிறாங்க. ஒருத்தன் கொரியாக்காரப் பொண்ணு. என் மக இத்தாலிக்காரப் பையன்."

"அதான் பிரச்சினை" என்ற மனிதர், தான் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

கோடு கிடைக்கவில்லை. பதிலாக, வசந்தத்தில் நடக்கிற நல்லிணக்கத் திருநாளில் 'மற்றவர்கள்' மேசையில் பாதி தருவதாகத் தீர்மானம் போட்டார்கள். எர்ட்னி வேண்டாமென்றார். வேண்டாமென்று சொல்லப் படிவம் இல்லை.

திருநாளன்று கெர்மென் கோபத்தோடு மாவு பிசைந்து கோபத்தோடு போர்த்சொக் பொரித்தாள். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை அது. கோபத்தில் பொரித்தாலும் நன்றாகத்தான் வரும். ஒரு பெரிய பாத்திரத்தில் அவர்கள் வீட்டு டீயும் போட்டாள். பாலும் வெண்ணெயும் உப்பும் ஜாதிக்காயும் போட்ட டீ. மேசையின் மறுபாதியில் ஒரு பார்சி தம்பதி இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. எந்த இனம் என்று கேட்டபோது, நாய் லைசென்ஸ் வாங்க வந்தோம், இங்கே நிற்கச் சொன்னார்கள் என்றார்கள்.

லோரெய்ன் போட்டோக்காரரோடு வந்து டீயை வாயில் ஊற்றிக்கொண்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வழியில்லை. போட்டோ எடுத்து முடிகிறவரை கன்னத்தில் வைத்திருந்து, பிறகு எப்படியோ உள்ளே தள்ளினார்.

"எவ்வளவு... உண்மையா இருக்கு!" என்றார்.

"உப்பு பத்தலியா?" என்று கேட்டாள் கெர்மென்.

அன்று இரவு எர்ட்னிக்கு ஒரு யோசனை தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. ஒரு கல்மிக் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர் அப்பா போருக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து அமெரிக்காவுக்கு வர மனுப் போட்டபோது, இந்த முகத்தை உள்ளே விடலாமா கூடாதா என்று இங்கே பெரிய யோசனை நடந்தது. ஆசியக்காரர்களுக்குக் கதவு சாத்தியிருந்த காலம். கடைசியில், இவர்கள் பல தலைமுறையாக ஐரோப்பாவில் இருப்பவர்கள், ஆகவே இவர்களை ஐரோப்பியராகக் கொள்ளலாம் என்று அரசாங்கமே சொல்லி ஒரு காகிதம் கொடுத்தது. அப்பா அதை பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பாஸ்போர்ட்டைவிட பத்திரமாக வைத்திருந்தார். சாகும்போதுகூட, யாராவது கேட்டால் இதைக் காட்டு என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டார்கள். முத்திரை குத்திய அரசாங்கக் காகிதம், இதற்கு மேல் நாம் யாரென்று யாரும் குழம்ப வேண்டியதில்லை என்று அடுத்த செவ்வாய் அதைக் கொண்டுபோய்க் குழுவின் முன் வைத்தார்.

குழு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் பெரிய நிம்மதி. அங்கேயே வாக்கெடுத்து முந்நூற்றுப் பதினொரு பேரையும் சாம்பல் கீற்றிலிருந்து எடுத்து வெள்ளையர் துண்டில் சேர்த்தார்கள். ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று இருந்தது, ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது. கணக்கு முழுசாக வந்ததில் டச்சு-ஐரிஷ்காரருக்கு ரொம்ப திருப்தி.

"வாழ்த்துக்கள் எர்னி" என்று லோரெய்ன் கை குலுக்கினார். "இனிமே உங்களுக்கு இந்த நிதியே தேவைப்படாது."

"கோடு?"

"நிதி சிறுபான்மையினருக்கு. நீங்கதான் இப்போ நாங்க ஆயிட்டீங்களே."

எர்ட்னி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கெர்மென் வாக்கரைத் தரையில் ஓங்கி ஊன்றினாள்.

"ஏன்யா, உங்கப்பா இந்த நாட்டுக்குள்ள வர்றதுக்கு வாங்கின பேப்பரு. அதைக் காட்டி நம்மள வெளிய தள்ளிட்டு வந்து நிக்கிறியே! உனக்கு யாரு பஸ் ஓட்ட லைசென்ஸ் குடுத்தா?"

எர்ட்னி மேல்முறையீடு செய்தார். மூன்று மாதம் கழித்து கல்மிக்குகள் ஆசியர்தாம் என்று முடிவாகி, விஷயம் ஆசியர் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழு மிக மரியாதையாகப் பதில் எழுதியது. ஊரின் கிழக்குக் கோடியில் வியத்நாம்காரர்களின் புத்தர் கோவில் வருகிறது, அதன் முன்னால் கோடு போட ஏற்கெனவே அனுமதி ஆகிவிட்டது, ஓர் ஊரில் ஒரே மதத்துக்கு இரண்டு கோடு கொடுக்க இயலாது, தாங்கள் அந்தக் கோட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது ஆறு மைல் தூரம். எர்ட்னி போன் போட்டுக் கேட்டார்.

"அங்க போய்ச் சாமி கும்பிடச் சொல்லல சார்" என்று விளக்கினார்கள். "உங்க வழிபாடு உங்க உரிமை. கடக்கறதுக்கு மட்டும் அங்க போங்க."

போனை வைத்துவிட்டு எர்ட்னி சமையலறையில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, நாற்பத்தெட்டுக் குழந்தைகளை ஏற்றி இறக்கி, சாயங்காலம் மறுபடி ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வந்து தான் யார் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அலுத்துவிட்டது. நான் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகிறேன், கெர்மென் ரோட்டைத் தாண்டினால் போதும் என்று தோன்றியது. கெர்மென் இதற்கிடையில் பூசைக்குப் போகாமல் இல்லை. பக்கத்து வீட்டு பாத்மாவும் இன்னும் இரண்டு கிழங்களும் அவளைச் சுற்றி நின்று, கை காட்டி, கத்தி, ஓட முடியாதவளை ஓடவைத்து எப்படியோ கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு அஷ்டமிக்கும் எர்ட்னி பஸ்ஸை ஓட்டிக்கொண்டே உள்ளுக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

பஸ் ஷெட்டில் யோலெட்டுக்கு மட்டும் இது எல்லாம் தெரியும். ஹெய்தியிலிருந்து வந்தவள், பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள்.

"பெரியவரே, நீங்க இந்த வாரம் என்ன? வெள்ளையா, ஆசியாவா?"

"தெரியலம்மா. செவ்வாக்கிழமை சொல்வாங்க."

"என்னைக் கறுப்புன்னு போட்டாங்க. நான் ஹெய்தின்னேன். அதுவும் கறுப்புதான்னாங்க. சரி, பிரெஞ்சு பேசுவேன்னேன். அந்த லோரெய்ன் அம்மா ரொம்ப சந்தோஷமா பாரிஸ் போயிருக்கியான்னு கேட்டுச்சு." அவள் டிபன் டப்பாவைத் திறந்தாள். "சாப்பிடுங்க. உங்க டீ மாதிரி இல்ல, இது வாயில வைக்கலாம்."

இந்த நேரத்தில்தான் குழுவே திணற ஆரம்பித்தது. கல்மிக்குகள் விஷயம் வெளியே தெரிந்து, ஊரில் பலரும் எங்கள் துண்டு சரியில்லை என்று கடிதம் போட்டார்கள். எகிப்து கிறிஸ்தவர்கள் தாங்கள் அரபுகள் இல்லை என்றார்கள். பிரேசில்காரர்கள் தங்களுக்கு ஸ்பானியமே தெரியாது என்றார்கள். லோரெய்ன் வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். டாக்டர் ப்ரென்ட் காஸ்வெல். கட்டங்களே அடக்குமுறை என்பது அவர் கொள்கை. ஆகவே ஊரில் எல்லாரும் தாம் யாரென்று சொந்த வார்த்தையில் எழுதிப் போடலாம் என்று ஏற்பாடு செய்தார். எழுதினார்கள். 'பாதி போலந்து, பாதி போர்ட்டோ ரீக்கோ' என்று எழுதினார்கள். 'சர்ச்சுக்குப் போவதில்லை, ஆனால் அம்மாவிடம் சொல்லாதீர்கள்' என்று எழுதினார்கள். 'அப்பாவுக்கு யூதப் பண்டிகை ஹனூக்கா, அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ், எனக்கு இரண்டிலும் பரிசு' என்று எழுதினார்கள். 'உங்களுக்கு எதற்கு' என்று எண்ணூறு பேர் எழுதினார்கள். எந்தத் துண்டிலும் ஒட்டாததை எல்லாம் டாக்டர் காஸ்வெல் 'மற்றவர்கள்' என்பதில் போட்டார். துணைக்குழுவின் முடிவு ரத்தாகி, எர்ட்னியும் அவர் ஆட்களும் மறுபடி அங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி அரங்கம். மேடையில் எர்ட்னிக்கு ஒரு நாற்காலி போட்டு, சட்டையில் பூவைக் குத்தி உட்காரவைத்திருந்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை. கோடு கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கெர்மென் தன் பச்சைப் பட்டுச் சட்டை அணிந்து முன்வரிசையில் வாக்கரோடு உட்கார்ந்திருந்தாள்.

"நண்பர்களே!" என்றார் லோரெய்ன். "இன்னிக்கு ஒரு சரித்திரம். நம்ம ஊர்ல மிகப் பெரிய சமூகம் எது தெரியுமா? நாப்பத்தொரு சதவீதம்! மற்றவர்கள்!"

கைதட்டல் எழுந்தது. சுவரில் பீட்சா தோன்றியது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எல்லாம் சாம்பல்.

"ஒரு வருஷத்துக்கு முன்னால என் நண்பர் எர்னி என்கிட்ட வந்து, மேடம், நாங்க பூஜ்யம் புள்ளி ஏழுதான்னு அழுதார்." எர்ட்னி அழவில்லை. "இன்னிக்கு அவர் இந்த ஊரோட பெரும்பான்மை! இதைத்தான் நான் நல்லிணக்கம்னு சொல்றேன். நாங்க யாருக்கும் எதையும் குடுக்க வேண்டியே வரல. எண்ணிக்கையை மாத்தினோம், போதும்."

எர்ட்னி எழுந்து மைக் பக்கம் போனார். அரங்கத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் பின் சீட்டுக் குழந்தைகளிடம் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"அம்மா, சந்தோஷம். அப்போ அந்தக் கோடு?"

லோரெய்ன் அவர் தோளில் கை வைத்தார். "எர்னி, நிதி சிறுபான்மையினருக்குன்னு உங்களுக்கே தெரியும். இவ்வளவு பெரிய சமூகம் வந்து கை நீட்டினா நல்லா இருக்காது. இனிமே நீங்கதான் சின்னவங்களுக்கு விட்டுக்குடுக்கணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, இந்த வருஷ நிதியில் நகராட்சி வாசலிலிருந்து நகராட்சி கார் நிறுத்துமிடம் வரை, பீட்சாவிலுள்ள எல்லா நிறத்திலும் ஓர் ஒற்றுமைக் கோடு போடப்போவதாக அறிவித்தார். அங்கே வண்டி போகாது, ஆகவே மிகவும் பாதுகாப்பானது என்று டாக்டர் காஸ்வெல் சேர்த்துச் சொன்னார்.

கெர்மெனைக் காரில் ஏற்றிக்கொண்டு எர்ட்னி வீடு திரும்பினார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும், "பட்டுச் சட்டையை வேற போட்டுக்கிட்டுப் போனேன்" என்றாள். இந்த ஒரு வருஷத்தில் எர்ட்னி பட்ட அவமானமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, பௌர்ணமி. கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு எர்ட்னி காலி பஸ்ஸோடு மில் சாலை வழியாக ஷெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மணி நாலுக்கு ஐந்து நிமிஷம். தூரத்திலிருந்தே தெரிந்தது. ரோட்டோரத்தில் கெர்மென், பாத்மா, இன்னும் இரண்டு பேர். நாலு தலையில் நாலு கம்பளித் துணி. கெர்மென் வாக்கரின் முன் கால்களைத் தாரில் இறக்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அந்த ஊரில் ஒரு மகிமை உண்டு. பஸ் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, பக்கவாட்டிலிருந்து 'நில்' என்று எழுதிய கை வெளியே நீண்டுவிட்டால் இரண்டு பக்கமும் சகலமும் நின்றாக வேண்டும். மேயர் நிற்பார், சவ ஊர்வலம் நிற்கும். கோவிலுக்கு நிற்காதவன், கிழவிக்கு நிற்காதவன் எல்லாம் அதற்கு நிற்பான். ஆனால் குழந்தைகள் ஏறி இறங்க மட்டும்தான் அந்தக் கையை நீட்டலாம். வேறு எதற்கு நீட்டினாலும் வேலை போகும். எர்ட்னி ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அவர் பஸ்ஸை நிறுத்திச் சுவிட்சைப் போட்டார்.

கை நீண்டது. லாரி புஸ்ஸென்று நின்றது. நாலு வரிசையும் நின்றன. மில் சாலையில் இவ்வளவு அமைதியை எர்ட்னி சின்ன வயதில் கேட்டதுதான். கெர்மென் பஸ்ஸைப் பார்த்தாள், உள்ளே யாரென்று பார்த்தாள். முகத்தில் ஒரு மாறுதலும் காட்டாமல் நடக்க ஆரம்பித்தாள். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

எதிர்ப்பக்கம் லாரிக்கு அடுத்த வரிசையில் முதலாவதாக நின்றது ஒரு வெள்ளைக் கார். கதவில் லோரெய்ன் விட்டெக்கரின் சிரித்த முகமும் போன் நம்பரும் ஒட்டியிருந்தன. உள்ளேயிருந்து நிஜ லோரெய்ன் போனை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினார்.

"எர்னி! என்ன ஒரு காட்சி! யாரும் அசையாதீங்க! இல்ல, அவங்க அசையலாம். மெதுவா, மெதுவா!"

"மெதுவாத்தாம்மா போறாங்க" என்றார் எர்ட்னி ஜன்னல் வழியாக.

அடுத்த வாரம் ஒரே தபாலில் இரண்டு வந்தன. ஒன்று கடிதம். மாணவர் அல்லாத நபர்களுக்காக நிறுத்தக் கையைப் பயன்படுத்திய குற்றத்துக்காக எர்ட்னி பல்சீரவ் விசாரணை முடியும்வரை பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார். கீழே, குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தைக் குறிக்க நான்கு கட்டம். மற்றொன்று பளபளவென்று ஒரு புத்தகம், நல்லிணக்கக் குழுவின் ஆண்டு மலர். அட்டையில் மஞ்சள் பஸ், நீட்டிய சிவப்புக் கை, நடுரோட்டில் வாக்கரோடு கெர்மென். மேலே கொட்டை எழுத்தில், 'பைன்ஃபோர்டு: எல்லாருக்காகவும் நிற்கும் ஊர்.' பின்னட்டையில் மூன்று படுக்கையறை வீடுகளின் விலை.

கெர்மென் அட்டையைப் பார்த்தாள். "தலைத்துணி கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றினாள். எண்ணெயைத் துடைத்து மறுபடி அங்கேயே மாட்டினாள்.

அமாவாசை வந்தது. மூன்றரை மணிக்கே கெர்மென் தயாராகிவிட்டாள். எர்ட்னி சட்டை மாட்டிக்கொண்டார். நடுரோட்டில் தானே போய் நின்று கை காட்டுவது என்று முடிவு செய்திருந்தார். இடித்தால் இரண்டு பேரையும் சேர்த்து இடிக்கட்டும்.

வாசலுக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷம் கேட்ட சத்தம், காற்று இறங்கும் சீறலும், கை நீளும்போது வரும் டிக்டிக்கும். ரோட்டோரத்தில் பதினாலாம் நம்பர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் தடம் மில் சாலைப் பக்கமே வராது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. யோலெட் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று எர்ட்னி கத்தினார். "உன்னையும் நிறுத்திடுவாங்க!"

"நிறுத்தட்டுமே பெரியவரே. ஷெட்ல பதினெட்டுப் பேர் இருக்கோம், எல்லார்கிட்டயும் பேசியாச்சு. ஒவ்வொருத்தரா நிறுத்தி முடிக்கட்டும். அப்புறம் பிள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போவா, அந்த லோரெய்ன் அம்மா கார்லயா?" அவள் கெர்மென் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க நடங்க. இவர் பேசிட்டே இருப்பாரு."

எர்ட்னி வாக்கருக்குப் பக்கத்தில் சேர்ந்து நடந்தார். பாத்மாவும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பழக்கத்தில் கை கடிகாரத்துக்குப் போனது, பிறகு கீழே இறக்கிக்கொண்டார். பின்வரிசையில் எவனோ ஹாரன் அடித்தான். கெர்மென் நடுரோட்டில் நின்று, வாக்கரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலைத்துணியை நேராகக் கட்டிக்கொண்டாள். பிறகு பஸ் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, பூசை முடிய ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வர்றதுக்கு?"

"அஞ்சு மணிக்கு ஹர்பிந்தர் வர்றான் அக்கா. இருபத்தேழாம் நம்பர்."

கெர்மென் தலையாட்டிவிட்டு, அவசரமில்லாமல் மீதி ரோட்டையும் கடந்தாள்.